இரண்டு கைக்கும் சண்டையா?

வலது கை செய்யும் தர்மம் இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்பார்கள்.

தர்மத்துக்கு அது சரி. பியானோவுக்கு அது சரிப்படாது!

பியானோ வாசிப்பவரின் வலது கைக்கு ஒரு வேலை. இடது கைக்கு வேறு வேலை. ஆனால், இந்தக் கை என்ன செய்கிறது என்பது அந்தக் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அது இசை ஆகாது. இரைச்சல்தான்.

அதிலும் கடினமான கட்டம் ஒன்று உண்டு. வலது கை 3 முறை தட்ட வேண்டும். அதே நேரத்துக்குள் இடது கை 2 முறை தட்ட வேண்டும். அந்த 3 தட்டுகளும் தமக்குள் சமமாக இருக்க வேண்டும். இந்த 2 தட்டுகளும் தமக்குள் சமமாக இருக்க வேண்டும். இரண்டு கையும் ஒன்றாகத் தொடங்கி, மறுபடியும் ஒன்றாகச் சேர வேண்டும்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது அல்லவா? மேசையில் தட்டிப் பாருங்கள். கை நொண்டும்!

பியானோ பழகும் பிள்ளைகள் பலர் திகைத்து நிற்கும் இடம் இது. "உனக்குக் கை வராது" என்ற பேச்சு எழுவதும் இங்கேதான். அந்த ஒரு சொல்லைக் கேட்டுப் பியானோவை மூடி வைத்த பிள்ளைகள் எத்தனையோ பேர்.

அந்தப் பேச்சு வேண்டாம். பிள்ளையின் கையில் குறை இல்லை. பெரும்பாலும், பழக்குகிற வழியில்தான் குறை.

விரல்கள் கட்சி மாறும்!

கை ஏன் நொண்டுகிறது? இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். காசு செலவு இல்லை.

இரண்டு கைகளையும் மேசை மீது குப்புற வையுங்கள். ஆள்காட்டி விரல்களை மட்டும் நீட்டுங்கள். இரண்டு விரல்களையும் ஒரே பக்கமாக ஆட்டுங்கள். இரண்டும் இடது பக்கம். பிறகு இரண்டும் வலது பக்கம். மழை பெய்யும்போது கார் கண்ணாடியைத் துடைக்கும் கம்பிகள் ஆடுமே, அது போல.

மெதுவாக ஆட்டும்போது ஒரு தொல்லையும் இல்லை. இப்போது வேகத்தைக் கூட்டுங்கள். இன்னும் கூட்டுங்கள்.

என்ன ஆகிறது? விரல்கள் திடீரென்று கட்சி மாறிவிடும்! இரண்டும் ஒன்றையொன்று நோக்கி வரும், பிறகு விலகும். கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல ஆடத் தொடங்கிவிடும். நீங்கள் அப்படி ஆட்ட நினைக்கவே இல்லை. விரல்கள் தாமாகவே மாறிக்கொண்டன.

இதை 1981-ல் வெளியிட்டவர் ஸ்காட் கெல்சோ என்ற விஞ்ஞானி. அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்தவர். 1985-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் ஹாகன் என்ற பௌதிக அறிஞரும் அவருடன் சேர்ந்துகொண்டார். இந்தக் கட்சி மாற்றத்தைக் கணிதச் சூத்திரமாகவே எழுதிக் காட்டினார்கள்.

இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. இரண்டு கைகளும் பிறவியிலேயே கூட்டாளிகள். ஒன்று செய்வதையே மற்றதும் செய்யப் பார்க்கும். மெதுவாகப் போகும்போது நாம் சொன்னபடி கேட்கும். வேகம் வந்துவிட்டால், எது எளிதோ அந்தப் பக்கம் சாய்ந்துவிடும்.

ஆகவே, 3-க்கு 2 தட்டும்போது பிள்ளையின் கை நொண்டுவது முட்டாள்தனம் அல்ல; சோம்பேறித்தனமும் அல்ல. அது மனிதக் கையின் இயல்பு!

மூளையில் ஒரு பாலம்

மூளை இரண்டு பாதிகளாக இருக்கிறது. இடது கையை ஆட்டி வைப்பது பெரும்பாலும் வலது பாதி. வலது கையை ஆட்டி வைப்பது இடது பாதி.

இரண்டு பாதிகளுக்கும் நடுவே ஒரு நரம்புப் பாலம் இருக்கிறது. அதில் சுமார் 20 கோடி நரம்பு இழைகள் ஓடுகின்றன. "நான் இப்போது தட்டப் போகிறேன், நீ பொறு" என்று ஒரு பாதி மறு பாதிக்குச் சேதி அனுப்புவது இதன் வழியாகத்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

1995-ல் ஜெர்மனியில் காட்பிரீட் ஷ்லாக் என்பவரும் அவருடைய குழுவினரும் இசைக் கலைஞர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். 7 வயதுக்கு முன்பே இசை பழகத் தொடங்கியவர்களுக்கு, அந்தப் பாலத்தின் முன்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது.

இதைப் படித்துவிட்டு, "ஐயோ, எங்கள் பிள்ளைக்கு 10 வயது ஆகிவிட்டதே!" என்று யாரும் கவலைப்பட வேண்டாம். 7 வயதுக்குப் பிறகு கதவு மூடிவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பெரியவர்களும் பழகி வாசிக்கத்தான் செய்கிறார்கள். சின்ன வயதில் தொடங்கினால் நல்லது என்பதுதான் செய்தி. அடித்துப் பழக்கினால் நல்லது என்பது அல்ல!

வா மகளே!

சரி, 3-க்கு 2 எப்படி வரும்? அதற்கு நம் தமிழ் இலக்கணமே வழி சொல்கிறது.

குறில் எழுத்துக்கு 1 மாத்திரை. நெடில் எழுத்துக்கு 2 மாத்திரை. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

"வா மகளே" என்று சொல்லுங்கள். வா — 2 மாத்திரை. ம — 1. க — 1. ளே — 2. கூட்டினால் 6 மாத்திரை.

6 மாத்திரையை 3 சம பங்காகப் பிரித்தால், ஒரு பங்கு 2 மாத்திரை. வலது கை தட்ட வேண்டிய இடங்கள்: வா, ம, ளே.

6 மாத்திரையை 2 சம பங்காகப் பிரித்தால், ஒரு பங்கு 3 மாத்திரை. இடது கை தட்ட வேண்டிய இடங்கள்: வா, க.

அவ்வளவுதான்! "வா" என்னும்போது இரண்டு கையும் தட்டும். "ம" வலது. "க" இடது. "ளே" வலது. வா மகளே, வா மகளே, வா மகளே என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே தட்டுங்கள். கால் மணி நேரத்தில் பலருக்கு வந்துவிடும்.

அடுத்தது 4-க்கு 3. இதற்கு 12 மாத்திரை வேண்டும். "வாஅ குமாரா இதோஒ" என்று நீட்டிச் சொல்லலாம். வாஅ 3, கு 1, மா 2, ரா 2, இ 1, தோஒ 3. மொத்தம் 12. வலது கைக்கு: வா, கு, ரா, தோ. இடது கைக்கு: வா, மா, இ. முதலில் சொல்லிப் பழகுங்கள். பிறகு தட்டுங்கள்.

இங்லீஷ்காரர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். தேநீர், வெண்ணெய் என்று வரும் சின்னச் சின்ன வாக்கியங்களைச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்குகிறார்கள். குறில் நெடில் கணக்கு உள்ள நமக்கு இது இன்னும் எளிது.

பிரிக்காதே, சேர்!

கவனித்தீர்களா? இங்கே கைகளைப் பிரிக்கவில்லை. சேர்த்தோம்!

"வலது கையை மறந்துவிட்டு இடது கையை வாசி" என்று சில ஆசிரியர்கள் சொல்வது உண்டு. ஒவ்வொரு கையாக ஒரு மாதம் பழகினால் பிறகு இரண்டும் தாமே சேர்ந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம்.

அதில் பாதி உண்மை இருக்கிறது. எந்தக் கட்டையை எந்த விரல் தொட வேண்டும் என்பதைத் தனித்தனியாகத்தான் பழக வேண்டும். ஆனால், இரண்டு கைகளும் மாறி மாறி விழும் அந்தக் கணக்கு, தனித்தனிப் பழக்கத்தில் வரவே வராது. மாப்பிள்ளைக்குத் தனியாக, பெண்ணுக்குத் தனியாக உபதேசம் செய்யலாம். குடித்தனம் நடத்த இருவரும் ஒரே வீட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்?

ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கை குழவியைச் சுற்றும். ஒரு கை மாவைத் தள்ளிவிடும். வேலை வேறு வேறுதான். ஆனால் கைகள் தனித்தனியாகப் போவது இல்லை. குழவி விலகும் நேரம் பார்த்துத்தான் அடுத்த கை உள்ளே போகிறது. இல்லாவிட்டால் விரல் நசுங்கும்!

பியானோவும் அப்படித்தான். முதலில் இரண்டு கைகளையும் ஒரே தாளமாகச் சேர்க்க வேண்டும். அது பழகிய பிறகு, இரண்டு தனிப் பாட்டாகக் கேட்கப் பழக வேண்டும். வலது கையை உரக்க, இடது கையை மெல்ல. பிறகு மாற்றி, இடது கையை உரக்க, வலது கையை மெல்ல. அதன் பிறகு ஒரு கையை வாசித்துக்கொண்டு, மறு கையின் பாட்டை வாயால் பாடிப் பார்க்கலாம்.

முன்னே சேர்ப்பது, பின்னே பிரிப்பது. இந்த வரிசையைத் தலைகீழாக்கினால்தான் தொல்லை.

எரிக்கச் சொன்ன பாட்டு

4-க்கு 3 கணக்கில் உலகப் புகழ் பெற்ற பியானோ இசை ஒன்று உண்டு. எழுதியவர் ஷோபன். போலந்து நாட்டில் 1810-ல் பிறந்தவர். பாரிஸ் நகரில் 1849-ல் மறைந்தவர்.

"பான்டேசி இம்ப்ராம்ட்டு" என்று அதற்குப் பெயர். 1834-ல் அவர் அதை எழுதியபோது வயது 24. வலது கையில் 8 சுரங்கள் ஓடும் நேரத்துக்குள் இடது கையில் 6 சுரங்கள் ஓடும். அதாவது 4-க்கு 3. கேட்பவருக்குக் கணக்கே தெரியாது. ஆறு புரண்டு ஓடுவது போல இருக்கும்.

ஷோபன் அதை அச்சிடவில்லை. அச்சாகாத தம் கையெழுத்துப் பிரதிகளை எரித்துவிடும்படி சொல்லிவிட்டு இறந்தார். நண்பர் ஜூலியன் பொன்டானா எரிக்கவில்லை. 1855-ல் அச்சிட்டு வெளியிட்டார். இன்று உலகம் எங்கும் பியானோ மாணவர்கள் ஆசையோடு வாசிக்கும் இசை அது!

இந்த இசையை உரிய வேகத்தில் வாசிக்கும்போது யாரும் 12 மாத்திரை எண்ணிக்கொண்டு இருக்க முடியாது. அப்போது ஒவ்வொரு கையும் தன் வழியில் சமமாக ஓடும். அடியின் தொடக்கத்தில் இரண்டும் சந்திக்கும். அந்தச் சந்திப்பு தவறாமல் இருந்தால் போதும். ஆனால், மெதுவாக எண்ணிப் பழகிய கைக்குத்தான் அந்தச் சந்திப்பு கூடிவரும்.

பழகுவதற்கென்றே ஷோபன் 1839-ல் 3 சிறிய இசைகள் எழுதினார். ஒரு பியானோ பாடப் புத்தகத்துக்காக எழுதியவை அவை. ஒன்றில் 3-க்கு 4. இன்னொன்றில் 3-க்கு 2. பெரிய மேதை, மாணவர்களுக்குப் படி கட்டிக் கொடுத்தார்.

ஜெர்மனியில் பிறந்த பிராம்ஸ் 1893-ல் 51 பயிற்சிகள் வெளியிட்டார். அப்போது அவருக்கு 60 வயது. அந்தப் பயிற்சிகளின் தொடக்கத்திலேயே இரண்டு கைகளுக்கும் வேறு வேறு எண்ணிக்கை வருகிறது. மேதைகளே இதைப் பயிற்சியால் வரும் வித்தை என்று கருதினார்கள். பிறவி வரம் என்று கருதியிருந்தால் பயிற்சி எதற்கு?

எந்திரம் வாசித்தது, மனிதன் தொடர்ந்தான்

"இப்போதுதான் எல்லாம் எந்திரம் வாசிக்கிறதே, மனிதன் எதற்குக் கஷ்டப்பட வேண்டும்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கதை. நடந்த கதை.

கான்லன் நான்கரோ என்பவர் அமெரிக்காவில் 1912-ல் பிறந்தார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பிராங்கோவை எதிர்த்துப் போரிட்டார். பிறகு 1940-ல் மெக்சிகோ நாட்டுக்குக் குடி போனார்.

அவர் மனத்தில் இருந்த தாளங்களை வாசிக்க ஆள் கிடைக்கவில்லை. அவ்வளவு கடினம்! ஆகவே எந்திரப் பியானோவை நாடினார். காகிதச் சுருளில் துளை போட்டு உள்ளே வைத்தால், அது தானே வாசிக்கும். துளை போடும் எந்திரம் ஒன்றை 1947-ல் வாங்கினார். சில நிமிஷ இசைக்குப் பல மாதங்கள் துளை போட்டார். பல ஆண்டுகள் தனியாக, பேர் இல்லாமல், புகழ் இல்லாமல்.

1980-ல் பாரிஸ் நகரத்துக் கடை ஒன்றில் அவருடைய இசைத்தட்டுகள் லிகெட்டி என்ற ஹங்கேரி இசைப் புலவர் கண்ணில் பட்டன. கேட்டு அசந்துபோனார். மத்திய ஆப்பிரிக்க மக்களின் தாள முறையும் அவரைக் கவர்ந்தது. இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு, மனிதர்கள் வாசிப்பதற்காகவே புதிய பியானோ இசைகளை எழுதத் தொடங்கினார்.

முதல் தொகுதி 1985-ல் வந்தது. அதில் முதல் இசைக்கு "ஒழுங்கின்மை" என்று பொருள்படும் பெயர் வைத்தார். வலது கை வெள்ளைக் கட்டைகளில் மட்டும். இடது கை கறுப்புக் கட்டைகளில் மட்டும். இரண்டும் ஒன்றாகப் புறப்பட்டு, கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகும்.

முடியாது என்றார்களா? முடிந்தது! இன்று கலைஞர்கள் மேடையில் அவற்றை வாசிக்கிறார்கள். நான்கரோவின் எந்திர இசைகளில் சிலவற்றையும் மனிதர்கள் கையால் வாசிக்கிறார்கள்.

எந்திரம் முன்னே போனது. மனிதன் அதைப் பார்த்து, தன் கையையும் அங்கே கொண்டு சேர்த்தான்.

கையில் தாளம், வாயில் நடை

இந்த வித்தை நம் நாட்டுக்குப் புதியது அல்ல.

கையில் ஆதி தாளத்தை மாற்றாமல் போட்டுக்கொண்டே, வாயால் திஸ்ர நடையில் பாடுகிறார் வித்வான். 4, 4 ஆகப் போன பாட்டு 3, 3 ஆக மாறுகிறது. கை அசைவது இல்லை. அதாவது, தன் கணக்கிலிருந்து அசைவது இல்லை! கொன்னக்கோல் சொல்பவர் தகிட, தகதிமி என்று சொற்களை அடுக்கி, 5-ஐயும் 7-ஐயும் தாளத்துக்குள் அடக்கிக் காட்டுகிறார்.

இதை மேல்நாட்டார் கவனித்துவிட்டார்கள். ஆம்ஸ்டர்டாம் நகர இசைக் கல்லூரியில், மேல்நாட்டு இசை மாணவர்களுக்குக் கர்நாடக தாள முறையையே பாடமாக வைத்து நடத்தினார் ரபாயேல் ரெய்னா என்ற ஆசிரியர். அதைப் பற்றி 2015-ல் ஒரு புத்தகமும் வெளியிட்டார்.

எங்கோ இருப்பவர்கள் நம் சொற்கட்டைக் கற்றுப் பியானோவுக்குப் பயன்படுத்துகிறார்கள். இங்கே வீட்டில் பியானோவோ கீபோர்டோ பழகும் பிள்ளைக்கு அந்தச் சொற்கட்டைச் சொல்லித் தர என்ன தடை? பாட்டிக்குத் தாளம் தெரிந்திருந்தால் பாட்டியே சொல்லித் தரலாமே!

வேகம் என்னும் பேய்

பிள்ளைகளைக் கெடுப்பது ஒன்று உண்டு. அதுதான் வேகம்.

கைப்பேசியைத் திறந்தால் யாரோ ஒரு சிறுவன் மின்னல் வேகத்தில் வாசிக்கிறான். உடனே, "அவனைப் பார், நீயும் இருக்கிறாயே!" என்று பேச்சு. தேர்வு நெருங்கிவிட்டால் வேகம், வேகம் என்று விரட்டல்.

விரல் சோதனையை நினைத்துப் பாருங்கள். வேகம் கூடினால் கை எளிய பக்கம் சாய்ந்துவிடும். தப்பான தாளத்தை 100 தடவை வேகமாக வாசித்தால், அந்தத் தப்புதான் மனப்பாடம் ஆகும். பிறகு அதை அழிப்பது, புதிதாகப் பழகுவதைவிடக் கடினம்.

மெட்ரோனோம் என்ற தாளக் கருவி இருக்கிறது. மெல்சல் என்பவர் 1815-ல் உரிமை பெற்ற கருவி. இன்று கைப்பேசியிலேயே கிடைக்கிறது. அதை மிக மெதுவாக ஓட விட்டு வாசிக்கட்டும். சரியாக வந்தால் ஒரு படி கூட்டட்டும். நொண்டினால் ஒரு படி இறங்கட்டும். இறங்குவது அவமானம் அல்ல.

ஒரு நாளைக்கு 10 நிமிஷம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் 2 மணி நேரம் உட்கார வைப்பதைவிட, தினம் 10 நிமிஷம் மேல்.

பெற்றோருக்கு

எல்லாப் பிள்ளைகளும் மேடை ஏற வேண்டியது இல்லை. ஷோபனை வாசிக்காமலே ஒருவர் நல்ல மனிதராக வாழலாம்.

ஆனால், முடியாது என்று தோன்றிய ஒன்றைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்து, சேர்த்துப் பார்த்து, முடித்துக் காட்டிய பிள்ளைக்கு ஒரு தைரியம் வருகிறது. அது கணக்குப் பாடத்திலும் உதவும், வாழ்க்கையிலும் உதவும். "உனக்கு வராது" என்ற சொல், அந்தத் தைரியம் முளைக்கும் முன்பே அதைக் கிள்ளிவிடுகிறது.

பிள்ளையின் கை நொண்டும்போது அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். மேசையைத் தட்டுங்கள். அப்பா 3 தட்டட்டும். பிள்ளை 2 தட்டட்டும். பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். அப்பாவின் கையும் நொண்டும், பிள்ளை சிரிக்கும். சிரித்த பிள்ளை மறுபடியும் தட்டிப் பார்க்கும்.

இன்று மாலையே தொடங்கலாம். பியானோ கூட வேண்டாம். வா மகளே, வா மகளே!